ஷூவும் வயிற்றுத் தசையும்: பீச் ரோட்டில் ஓடும் பெண்கள் கேட்ட கேள்விகள்

புதுச்சேரி பீச் ரோட்டில் மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை வண்டிகள் வராது. அந்த ஏழரைக்குள் ஓடி முடித்து, காந்தி சிலைக்குப் பக்கத்தில் வியர்வை காய உட்காரும்போதுதான் கேள்விகள் கிளம்பும். நான் பிசியோதெரபிஸ்ட். வீடு முத்தியால்பேட்டை. ஓட ஆரம்பித்ததே நாற்பதுக்கு மேல்தான். கூட ஓடுபவர்களில் கல்லூரிப் பெண்கள் உண்டு, பேத்தி எடுத்தவர்கள் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவர்களும் உண்டு. ஒருநாள் யாரோ எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "இந்த ஷூ போட்டு ஓடினால் கோர் தசைகள் இரு மடங்கு வேலை செய்யும்" என்று ஒரு விளம்பரத்தைப் போட்டார்கள். அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. படியில் உட்கார்ந்து ஒரே பதிலைப் பத்து பேருக்குச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

கோர், கோர் என்கிறீர்களே அக்கா, சிக்ஸ் பேக்கா?

இல்லை. சிக்ஸ் பேக் என்று வெளியே தெரிவது முன்வயிற்றில் மேலிருந்து கீழாக ஓடும் நேர்த்தசை. ஓட்டத்தில் அதற்குப் பெரிய வேடம் கிடையாது.

கோர் என்பது நடு உடம்பைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைகளின் கூட்டம். ஒரு தகர டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மூடி உதரவிதானம், அதாவது மூச்சு இழுக்கும் தசை. அடித்தட்டு இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்குபவை. சுற்றுச்சுவர், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் இடுப்பைச் சுற்றி வரும் குறுக்கு வயிற்றுத் தசை. பின்சுவரில் முதுகெலும்பின் கணுக்களை ஒன்றோடொன்று பிடித்திருக்கும் குட்டித் தசைகள். இதற்கு வெளியே சாய்வுத் தசைகளும், முதுகை நிமிர்த்தும் நீளத் தசைகளும் போர்த்தியிருக்கும். பிட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும் தசையையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். புத்தகங்களில் சிலர் சேர்க்க மாட்டார்கள். ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடிப்பது அதுதான், ஓட்டம் என்பதோ ஒற்றைக் காலிலிருந்து ஒற்றைக் காலுக்குத் தாவுவதுதான்.

ஷூ இருப்பது காலில். வயிறு எங்கேயோ மேலே இருக்கிறது. என்ன சம்பந்தம்?

எல்லாக் கேள்விக்கும் அடியில் இருக்கும் கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண் நிதானமாக ஓடினால், ஒவ்வொரு முறை கால் பதியும்போதும் தரை அவரைத் திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைப் போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு. அதாவது 120 முதல் 150 கிலோ. நிமிடத்துக்கு 160 அடி வைத்தால் அரை மணி நேரத்தில் 4,800 அடி. குதிகால் முதலில் பதிபவர்களுக்கு அந்த முதல் இடி, கால் தரையைத் தொட்டு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் வந்து போய்விடும்.

அந்த நேரம் போதாது. கால் பட்டதை நரம்பு முதுகுத்தண்டுக்குச் சொல்லி, அங்கிருந்து பதில் வந்து, தசை இறுகி விசை கொடுப்பதற்குள் இடி முடிந்துவிடும். அதனால் மூளை காத்திருப்பதில்லை. கால் காற்றில் இருக்கும்போதே, இந்த முறை தரை எப்படி இருக்கும், ஷூ எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று முந்தைய அடிகளை வைத்துக் கணக்குப் போட்டு, வேண்டிய தசைகளை முன்கூட்டியே இறுக்கி வைக்கிறது. மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாமல் உடம்பு முழுக்க ஒரு குலுக்கு குலுக்குமே, அதுதான் இந்தக் கணக்கு தப்பும்போது நடப்பது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஷூக்களை ஆராய்ந்த பென்னோ நிக் இதற்குத் தசைச் சுருதி சேர்த்தல் என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார். வீணைக்கு முறுக்காணியைத் திருகுவது போல, ஒவ்வொரு ஷூவுக்கும் உடல் தன் தசைகளின் இறுக்கத்தை மாற்றிக்கொள்கிறது என்பது அவர் வாதம்.

இந்த முன்தயாரிப்பு காலோடு நிற்பதில்லை. 1996-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ஒருவர் கையை வேகமாகத் தூக்கினால், கைத்தசைக்கு முன்பே அவருடைய குறுக்கு வயிற்றுத் தசை இறுகிவிடுகிறது. கீழ்முதுகு வலி உள்ளவர்களிடம் அந்த இறுக்கம் தாமதமாக வந்தது. கைக்கே இப்படி என்றால், 150 கிலோ இடி வாங்கும் காலுக்குக் கேட்க வேண்டுமா? ஓடும்போது கால் பதிவதற்கு முன்பே இடுப்புத் தளத் தசைகள் இறுகுவதையும் பின்னால் அளந்து பார்த்திருக்கிறார்கள். கால் பதிந்த பிறகு உடல் முன்னால் மடங்காமல் முதுகுத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. இடுப்பு ஒரு பக்கம் திரும்ப மார்பு மறுபக்கம் திரும்ப வேண்டும். அதைச் சாய்வுத் தசைகள் பார்த்துக்கொள்கின்றன.

ஷூ மாறினால் கால் பதியும் விதம், பதியும் நேரம், இடியின் கூர்மை மூன்றும் மாறலாம். அவை மாறினால் மேலே இருக்கும் தசைகளின் நேரமும் அளவும் மாறும். சம்பந்தம் உண்டு. ஆனால் அது கீழிருந்து மேலே போகப் போக மங்கிக்கொண்டே போகும் சம்பந்தம். கெண்டைக்காலில் பெரிதாகத் தெரியும் மாற்றம் தொடையில் குறைந்து, வயிற்றுக்கு வருவதற்குள் மெலிந்துவிடும். கால் எலும்பில் பதிவாகும் அதிர்வில் பெரும்பகுதி தலையை எட்டுவதற்குள் அடங்கிவிடுகிறது. வழியில் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று இத்தனை ஸ்பிரிங் இருக்கிறதே.

தசை எவ்வளவு வேலை செய்கிறது என்பதை எப்படி அளக்கிறார்கள்?

ஈ.எம்.ஜி. என்ற சோதனையில். ஈ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுவது போன்ற சின்ன பட்டைகளைத் தசைக்கு மேல் தோலில் ஒட்டி, தசை சுருங்கும்போது எழும் மின்சாரத்தைப் பதிவு செய்வார்கள். முதலில் அந்தத் தசையை முழு பலத்தோடு இறுக்கச் சொல்லி அதை நூறு என்று வைத்துக்கொண்டு, ஓடும்போது எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள்.

விளம்பரங்களில் "தசைச் செயல்பாடு இத்தனை சதவீதம் கூடியது" என்று வந்தால் மூன்று விஷயம் ஞாபகம் இருக்கட்டும். தோலுக்கும் தசைக்கும் நடுவில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மின்சாரம் மங்கும்; வயிற்றில் இது அதிகம். ஆழத்தில் இருக்கும் குறுக்கு வயிற்றுத் தசையை மேலே ஒட்டும் பட்டை தனியாகப் பிரித்துச் சொல்லாது, மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தித்தான் சரியாகப் பார்க்க முடியும். மூன்றாவது, நூற்றில் ஐந்தாக இருந்தது ஏழாக ஆனாலும் "நாற்பது சதவீதம் கூடியது" என்று எழுதலாம். கணக்கு சரிதான். ஆனால் ஏழு சதவீதத்தில் வேலை செய்யும் தசை உரம் ஏறாது.

இன்னொன்று: அதிக மின்சாரம் என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. வலிக்குப் பயந்து முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு ஓடுபவருக்கும் அளவு கூடுதலாகத்தான் வரும்.

மெத்தை ஷூவா, மெல்லிய ஷூவா? எதில் கோர் அதிகம் உழைக்கும்?

வெறுங்காலோடு ஓடுவதற்கு நெருக்கமான மெல்லிய ஷூவில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் பூஜ்யம் முதல் நான்கு மில்லிமீட்டர் வரை இருக்கும். வழக்கமான ஓட்ட ஷூவில் பத்து, பன்னிரண்டு. குதிகாலில் மெத்தை இல்லையென்றால் பலர் தாமாகவே முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுவார்கள். அடி குறுகும், எண்ணிக்கை கூடும். 2010-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வு, வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் இப்படி ஊன்றும்போது அந்த முதல் கூர்மையான இடி கிட்டத்தட்ட மறைந்துவிடுவதைக் காட்டியது. அதற்கு விலை கொடுப்பது கெண்டைக்காலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும். வழக்கமான ஷூவில் சுமை முழங்கால் பக்கம் சாயும்.

சரி, கோர்? மெத்தை கூடினால் வயிறு ஓய்வெடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நேராக நடப்பதில்லை. 1998-ல் ஃபெரிஸ், ஃபார்லி முதலிய ஆய்வாளர்கள் கண்டது இது: மெத்தென்ற தரையில் ஓடுபவர் காலை விறைப்பாக்கிக்கொள்கிறார், கெட்டித் தரையில் தளர்த்திக்கொள்கிறார். மொத்தத்தில் உடலின் மேல்பகுதி ஏறி இறங்கும் விதம் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. 2018-ல் பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், மிகத் தடித்த மெத்தை ஷூவில் வேகமாக ஓடியவர்களின் கால்கள் இன்னும் விறைத்து, இடி குறைவதற்குப் பதில் கூடியது. உடம்பு மேலே இருக்கும் தலையையும் குடலையும் அலுங்காமல் வைத்துக்கொள்ள விரும்புகிறது. அதற்காகக் காலில் ஈடு செய்துவிடுகிறது. அந்த ஈடு சரியாக நடக்கும்வரை கோர் தசைக்குப் பெரிய சேதி போவதில்லை.

சேதி போவது எப்போது என்றால், ஷூ பக்கவாட்டில் ஆடும்போது. தடித்த, குறுகலான, மெத்தென்ற சோலில் கணுக்கால் நிலைகொள்ளாது. அதை முதலில் கணுக்காலைச் சுற்றிய தசைகள் பிடிக்கும். அவை களைத்தால் இடுப்பின் பக்கத்தசை பிடிக்க வேண்டும். பெண்களிடம் இது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஒரே வேகத்தில் ஓடும் ஆண்களையும் பெண்களையும் படம் பிடித்துப் பார்த்தால், பெண்களின் தொடை உள்பக்கமாகச் சாய்வதும் திரும்புவதும் சராசரியாக அதிகம். அதைத் தடுத்து நிறுத்த வேண்டியது பிட்டத்தின் பக்கத்தசையும் சாய்வுத் தசைகளும்.

ஆகவே என் பதில்: ஆடாத ஷூ, நடுத்தர மெத்தை. கோருக்கு வேலை கொடுப்பதற்காக ஆடுகிற ஷூவை வாங்குவது, கைக்கு உடற்பயிற்சி என்று ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பது மாதிரி.

மெல்லிய ஷூவுக்கு மாறலாம் என்றிருக்கிறேன். மாறவே கூடாதா?

மாறலாம். அவசரப்படக் கூடாது. 2013-ல் வந்த ஓர் ஆய்வில், விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூவுக்குப் பத்து வாரத்தில் மாறிய ஓட்டக்காரர்களின் பாத எலும்புக்குள் நீர்கோத்திருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டியது. எலும்பு சுமை தாங்காமல் தவிக்கும் அறிகுறி அது. பத்து வாரமே போதவில்லை. வாரம் ஒருநாள், ஐந்து நிமிடம் என்று தொடங்குங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருப்பவர்கள், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடுபவர்கள், மாதவிடாய் நின்றவர்கள் எலும்பு விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"போட்டு நடந்தாலே வயிறும் பின்பக்கமும் இறுகும்" என்று ஷூ விற்கிறார்களே?

அந்தக் கதை பழையது, முடிவும் தெரிந்தது. சுமார் பதினைந்து வருடத்துக்கு முன் அடிப்பாகம் உருண்டிருக்கும் ஷூக்கள் உலகம் முழுக்கப் பெண்களைக் குறிவைத்து விற்றன. ரீபாக் நிறுவனத்தின் ஈஸிடோன் விளம்பரம், பிட்டத் தசைக்கு 28 சதவீதமும் தொடையின் பின்தசைக்கும் கெண்டைக்காலுக்கும் 11 சதவீதமும் கூடுதல் பலன் என்றது. ஆதாரம் எங்கே என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் கேட்டது. 2011-ல் ரீபாக் 2.5 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு ஷேப்-அப்ஸ் ஷூவுக்காக ஸ்கெச்சர்ஸ் 4 கோடி டாலர். 2014-ல் எதிர்முனையிலிருந்து, வெறுங்கால் போன்ற ஷூவை விற்ற விப்ரம், பாதத் தசை வலுவாகும் என்று சொன்ன வழக்கில் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

தடித்தது, மெல்லியது இரண்டு கட்சியும் மாட்டியிருக்கிறது பாருங்கள். குழுவில் வந்த அந்த "இரு மடங்கு" விளம்பரத்துக்கு நான் இந்த மூன்று தொகையையும் எழுதிப் போட்டேன். போட்டவர் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே கடற்கரையில் டீ வாங்கிக் கொடுத்தார்.

பெண்களுக்கென்று தனி ஷூ நிஜமா, பிங்க் கலர் அடித்து விற்பதா?

இரண்டும் உண்டு. பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தைச் சுருக்கிய பிரதி இல்லை. அமெரிக்க ராணுவத்தினரின் பாத அளவுகளை வைத்து 2001-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: ஒரே நீளமுள்ள பாதமாக இருந்தாலும் வளைவு, விரல் பக்கம், கணுக்கால் எல்லாம் வடிவத்திலேயே வேறுபடுகின்றன. சிறிய ஆண் ஷூவைப் போட்டால் பல பெண்களுக்குக் குதிகால் உள்ளே வழுக்கும். வழுக்கும் குதிகாலை விரல்களால் கவ்விப் பிடித்துக்கொண்டே ஓடுவார்கள். மேலே இடுப்பு வரை தாளம் கெடும்.

நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு வேறு பிரச்சினை. சின்ன வயதிலிருந்து வெறுங்காலிலும் ரப்பர் செருப்பிலும் நடந்து முன்பாதம் நன்றாக விரிந்திருக்கும். பெண்கள் ஷூவின் முன்பக்கம் அதற்குக் குறுகல். அப்படிப்பட்டவர்கள் ஆண்கள் ஷூவைப் போட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். நானே அப்படித்தான். குதிகால் வழுக்கினால் கடைசி ஓட்டையில் லேஸைக் கோத்து வளையம் போட்டுக் கட்டினால் நின்றுவிடும்.

கார்பன் பிளேட் ஷூ?

சோலுக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த ஷூ அது. பந்தயத்துக்கு. 2017-ல் வந்த நைக்கி வேப்பர்ஃபிளை ஓட்டத்தின் ஆற்றல் செலவைச் சராசரியாக நான்கு சதவீதம் குறைத்தது உண்மை. சாலைப் பந்தயங்களில் சோலின் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020-ல் விதி போடும் அளவுக்குப் போனது. பீச் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓட அந்தப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

எனக்குத் தட்டைப் பாதம். உள்பக்கம் கெட்டியான ஷூதான் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு போய்விடும் என்று கடையில் சொன்னார்கள்.

எனக்கும் ஒரு கடையில் இதையே சொன்னார்கள். கடையின் பெயர் வேண்டாம். ஈரக்காலைத் தரையில் வைக்கச் சொல்லி, தடத்தைப் பார்த்து, மூவாயிரம் ரூபாய் கூடுதலான ஷூவை எடுத்து நீட்டினார் அந்தப் பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்த ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ, மறுபகுதிக்கு எல்லாருக்கும் ஒரே வகை. காயங்களின் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. பாதம் தட்டையாக இருப்பது மட்டும் நோய் இல்லை. வலியில்லாமல் ஓடுகிறீர்கள் என்றால் அப்படியே ஓடுங்கள்.

அப்போது எதைப் பார்த்துத்தான் வாங்குவது?

காலுக்குச் சொகமாக இருக்கிறதா என்று. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் முன்பு சொன்ன பென்னோ நிக் 2015-ல் எழுதியதும் இதுதான்: தனக்கு இதமான ஷூவைத் தேர்ந்தெடுக்கும்போது உடல் தன் இயல்பான அசைவிலேயே இருக்கிறது, தசைகளும் தேவைக்கு மேல் உழைக்க வேண்டியதில்லை.

சாயந்திரம் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஓடுகிற சாக்ஸையே எடுத்துப் போங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இரண்டு, மூன்று ஜோடி போட்டு ஒற்றைக் காலில் அரை நிமிடம் நின்று பாருங்கள். எதில் இடுப்பு அதிகம் தள்ளாடுகிறதோ அதை ஒதுக்குங்கள். முடிந்தால் கடைக்கு வெளியே இருபது அடி ஓடிப் பாருங்கள். நேரு வீதிக் கூட்டத்தில் சுடிதாரும் புது ஷூவுமாக நான் ஓடியதைப் பார்த்து ஒரு பூக்காரம்மா "என்னம்மா, திருடிட்டா ஓடுற?" என்றார்.

எடையையும் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரு ஷூவுக்கு நூறு கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆக்சிஜன் செலவு சுமார் ஒரு சதவீதம் கூடும்.

பிரசவமாகி ஆறு மாதம். ஓடும்போது... சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சிறுநீர் சொட்டுகிறது. ஷூ மாற்றினால் நிற்குமா?

கூச்சமே வேண்டாம்மா. இந்தக் கேள்வியைத் தனியாக அழைத்துப் போய்க் காதோடு கேட்டவர்களை எண்ணினால் நம் குழுவில் பாதி. பிள்ளை பெற்ற ஓட்டக்காரிகளுக்கு இது சகஜம். ஆனால் சகஜம் என்பதற்காகப் பொறுத்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம், இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

டப்பாவின் அடித்தட்டு என்று சொன்னேனே, அது பிரசவத்தில் வெகுவாக இழுபட்டிருக்கும். முன்சுவரும் நடுவில் விலகியிருக்கலாம். கால் பதியுமுன் இறுக வேண்டிய அடித்தட்டு நேரத்துக்கு இறுகாமல் போனால் அந்த இடி சிறுநீர்ப்பையில் இறங்கும். ஷூ இதைச் சரிசெய்யாது. சரிசெய்வது இடுப்புத் தளப் பயிற்சி. பிரிட்டனைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட்கள் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி, பிரசவத்துக்குப் பின் குறைந்தது பன்னிரண்டு வாரம் கழித்தே ஓட்டத்தை யோசிக்கச் சொல்கிறது. பன்னிரண்டு வாரம் தாண்டினாலும் சொட்டுதல், கீழே கனமாக இறங்குவது போன்ற உணர்வு, வலி இருந்தால் ஓட்டத்தை நிறுத்திப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மகப்பேறு மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள், இடுப்புத் தளம் தெரிந்த பிசியோவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நாற்பது நாள் பத்தியத்துக்கு நம் வீடுகளில் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுத்தால் போதும்.

ஷூ விஷயத்தில் ஒன்று உண்டு. கர்ப்ப காலத்தில் பாத வளைவு இறங்கி, பாதம் இரண்டிலிருந்து பத்து மில்லிமீட்டர் வரை நீண்டு, சிலருக்கு அப்படியே நின்றுவிடும். கல்யாணத்துக்கு முன் வாங்கிய ஷூ உங்களுக்கு இப்போது சிறியது. அளந்து புதிதாக வாங்குங்கள்.

கீழ்முதுகு வலி வருகிறது. ஷூதான் காரணமா?

முதலில் ஷூவின் வயதைச் சொல்லுங்கள். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் பெரும்பாலான ஷூக்களின் நடுச் சோல் அமுங்கிவிடும். வெளியே புதுசு போலவே இருக்கும். மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதன் காலம் முடிந்தது.

அடுத்து எங்கே ஓடுகிறீர்கள் என்று பாருங்கள். மழைநீர் வடிய தார்ச்சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒரே ஓரமாகப் பத்து கிலோமீட்டர் போனால் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்பது போல இடுப்பு சாய்ந்தே இருக்கும். ஒரு பக்கத்து முதுகுத்தசை கூடுதலாக இழுக்கும். எந்த ஷூவும் இதை ஈடுகட்டாது. போகும்போது ஒரு ஓரம், வரும்போது அதே ஓரம் என்று திரும்பினால் சரிவு மாறிக்கொள்ளும். ஆனால் அப்படித் திரும்பும்போது ஒரு வழியில் வண்டிகள் முதுகுக்குப் பின்னால் வரும், கவனம்.

மூன்றாவது, அடியின் எண்ணிக்கை. நீட்டி நீட்டி அடி வைப்பதைக் குறைத்து, அதே வேகத்தில் நிமிடத்துக்கு ஐந்திலிருந்து பத்து சதவீதம் கூடுதல் அடி வைத்தால் முழங்காலிலும் இடுப்பிலும் சுமை குறைவது 2011-ல் நிரூபணமான விஷயம். காசு செலவில்லாதது. புது ஷூவுக்கு முன் இதைச் செய்து பாருங்கள். கால் மரத்துப் போவது, இரவில் எழுப்பும் வலி, வலி முழங்காலுக்குக் கீழே இறங்குவது இருந்தால் ஷூவைப் பற்றிப் பேசவே வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

சில்வர் பீச் மணலில் வெறுங்காலோடு ஓடுகிறேன். அது கோருக்கு நல்லதுதானே?

கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் இந்த சில்வர் பீச் ஒரு வரம். காய்ந்த மணலில் கால் புதைந்து நழுவும்போது ஒவ்வொரு அடிக்கும் உடலை நிமிர்த்திப் பிடிக்க இடுப்பும் முதுகும் உழைக்கத்தான் செய்கின்றன. கெட்டித் தரையைவிட ஆற்றல் செலவும் நன்றாகக் கூடும். ஷூ மாற்றிக் கிடைப்பதைவிட இதில் கிடைக்கும் மாற்றம் பெரிது என்பது என் அனுபவம். பத்து நிமிடம் போதும். அலை நனைத்த ஓரம் கெட்டியாக இருக்கும், ஆனால் கடல் பக்கம் சரிந்திருக்கும். சாலைச் சரிவுக்குச் சொன்னதே அதற்கும். கிளிஞ்சல், தூண்டில் முள், பாட்டில் சில்லு எல்லாம் பார்த்து. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் ஓட வேண்டாம்.

ஆரோவில்லின் செம்மண் பாதைகள் மணலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே. மேடுபள்ளம், வேர், சரளை என்று அடிக்கு அடி தரை மாறுவதால் மூளை பழைய கணக்கை வைத்து ஓட்ட முடியாது. ஆரோவில் மாரத்தானுக்குப் போய் வந்த மறுநாள் "கால் பரவாயில்லை அக்கா, விலா ஓரமெல்லாம் வலிக்கிறது" என்பார்கள். சாய்வுத் தசைகள்தான்.

குருசுக்குப்பத்தில் மீன் கூடையைத் தலையில் வைத்து வெறுங்காலில் போகும் அம்மாக்களுக்கு எந்த ஷூவும் இல்லையே. அவர்கள் கோர் எப்படி?

தலைச்சுமையோடு நேராக நடக்கத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள அத்தனை தசையும் ஒருங்கே வேலை செய்ய வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் என்னிடம் கழுத்து வலி, முழங்கால் வலி என்று வருபவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து உடற்பயிற்சிப் பாடம் படிப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

கடைசியில் கோர் வலுவாக என்னதான் செய்ய?

ஓட்டமில்லாத நாளில், வாரம் மூன்று முறை, பதினைந்து நிமிடம். பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது, பக்கத்துக்கு இருபது நொடி. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. பழகியபின் ஒற்றைக் காலில். நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. மூச்சைப் பிடிக்காமல் செய்ய வேண்டும். மூச்சைப் பிடித்தால் அழுத்தம் அடித்தட்டுக்குத்தான் இறங்கும். இவற்றில் தசைக்குக் கிடைக்கும் வேலையோடு ஒப்பிட்டால் ஷூ மாற்றத்தில் கிடைப்பது சில்லறை. பூஜை அறைக்கு முன்னால் பாய் விரித்து வெறுங்காலில் செய்யலாம்.

மழையில் ஷூ நனைந்துவிட்டது. மொட்டை மாடியில் காய வைக்கலாமா?

ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை வரும் கேள்வி. வெயிலில் வேண்டாம். சூட்டில் சோலின் பசை விடும், நுரையின் தன்மையும் கெடும். ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் மெத்து என்று ஆன ஷூ மேலே சொன்ன ஆட்டத்தையெல்லாம் ஆடும். உள் அட்டையை வெளியே எடுத்து, பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம்.

நான் ஒரு சித்திரையில் துவைத்த ஷூவை மாடியில் மறந்துவிட்டு வந்தேன். சாயந்திரம் போய்ப் பார்த்தால் சோல் வாயைப் பிளந்து கிடந்தது. தெருமுனையில் தைப்பவர் நூலும் பசையும் போட்டுச் சேர்த்துக் கொடுத்தார். "ஓடாதீங்கம்மா, நடங்க" என்றார். மீன் வாங்க அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.